ஆடுபுலி ஆட்டம் பிஎஸ்பி-யில்: எமுலேட்டரில் ஓடுகிறது, கருவியில் 80020148 பிழை, தமிழ் எழுத்தும் உடைகிறது

அரசலாற்றங்கரை (கேள்வி)

வணக்கம். ஆடுபுலி ஆட்டத்தை பிஎஸ்பி-க்காக (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) சி மொழியில் எழுதி வருகிறேன். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. நம் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் தரைக்கல்லில் கீறியிருக்கும் அதே முக்கோணக் கட்டம்தான். லைனக்ஸில் பிஎஸ்பிடெவ் டூல்செயின் (பிஎஸ்பி-க்கு நிரல் கட்டும் கருவித் தொகுப்பு), சிமேக் வழியாக பில்டு. பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டரில் (கம்ப்யூட்டரில் பிஎஸ்பி போல நடிக்கும் நிரல்) ஆட்டம் முழுக்க ஓடுகிறது.

கையில் இருப்பது பிஎஸ்பி 3000, ஃபர்ம்வேர் (கருவியின் உள் மென்பொருள்) 6.60, எந்த மாற்றமும் செய்யாதது. சிக்கல்கள்:

ஒன்று, ஈபூட் கோப்பை (ஆட்டத்தின் இயங்கு கோப்பு) மெமரி ஸ்டிக்கில் போட்டு ஓட்டினால் 80020148 என்று பிழை காட்டிவிட்டு மெனுவுக்கே திரும்பிவிடுகிறது.

இரண்டு, டீபக் ஸ்கிரீன் ஃபங்ஷனில் தமிழ் எழுதினால் குப்பையாக வருகிறது. ஒரு டிடிஎஃப் ஃபான்ட்டை எழுத்து எழுத்தாக வரைந்து பார்த்தேன். "கொடு" என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

மூன்று, 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் வைத்தால் கருவி அதைக் கண்டுகொள்வதே இல்லை.

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் வீட்டில் சும்மா கிடக்கும் பிஎஸ்பிகளில் கோடை விடுமுறைக்குள் இதைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணம். அதற்கு ஒவ்வொரு கருவியிலும் கஸ்டம் ஃபர்ம்வேர் (பிறர் மாற்றியெழுதிய ஃபர்ம்வேர்) ஏற்றித்தான் ஆக வேண்டுமா?

கொள்ளிடத்தான்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம் தம்பி. பிள்ளைகளின் கருவியில் எதையும் மாற்றத் தேவையில்லை. உங்கள் கருவியில் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். காரணம் கீழே.

80020148 என்றால், இந்த வகை நிரலை ஏற்க மாட்டேன் என்று கெர்னல், அதாவது ஃபர்ம்வேரின் மையப் பகுதி, சொல்கிறது. அசல் ஃபர்ம்வேர் கையொப்பமிட்ட, குறியாக்கம் செய்த பிஆர்எக்ஸ் வகை (பிஎஸ்பி-யின் நிரல் வடிவம்) நிரலை மட்டும்தான் ஓட்டும். நீங்கள் பில்டு செய்வது கையொப்பம் இல்லாதது. எமுலேட்டர் அதையெல்லாம் பார்ப்பதில்லை, அதனால் அங்கே ஓடுகிறது. பிஎஸ்பி-யின் கையொப்பச் சாவிகள் 2011-லேயே வெளியே வந்துவிட்டன. பிஎஸ்பிடெவ் அதைப் பயன்படுத்தி உங்கள் நிரலுக்கும் கையொப்பம் போட்டுத் தரும். பிஎஸ்பி-சிமேக் கட்டளையில் பில்டு-பிஆர்எக்ஸ், என்க்-பிஆர்எக்ஸ் என்ற இரண்டு தேர்வுகளையும் 1 என்று கொடுங்கள். பழைய பில்டு ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள். இல்லையென்றால் சிமேக் தன் பழைய கேஷில் இருக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும், பிழை அப்படியே நிற்கும்.

இப்படி வரும் ஈபூட் 6.60, 6.61 அசல் ஃபர்ம்வேரில் நேரடியாக ஓடும். ஒரு வரம்பு உண்டு: யூசர் மோடில் (சாதாரண ஆட்டங்களுக்குரிய குறைந்த அனுமதி) மட்டும்தான் ஓடும், கெர்னல் மோடு கேட்கும் வேலைகள் நடக்காது. ஆடுபுலிக்குத் திரை, பட்டன், ஒலி, கோப்பு இவை போதும். எல்லாமே யூசர் மோடில் கிடைக்கும். வேறொருவரின் கருவியில் ஃபிளாஷ் நினைவகத்தைத் தொட்டு, நடுவில் பேட்டரி போய் அது எழாமல் கிடந்தால் யார் பதில் சொல்வது? கையொப்பமிட்ட ஈபூட்டில் அந்த ஆபத்தே கிடையாது. பிடிக்கவில்லை என்றால் ஃபோல்டரை அழித்தால் போதும்.

வைக்க வேண்டிய இடம்: மெமரி ஸ்டிக்கின் மேல்மட்டத்தில் பிஎஸ்பி ஃபோல்டர், அதற்குள் கேம் ஃபோல்டர், அதற்குள் உங்கள் ஆட்டத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஈபூட் கோப்பு. ஈபூட் என்ற பெயரை மாற்றக் கூடாது. ஃபோல்டர் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள். "சேதமடைந்த தரவு" என்று மெனுவில் வந்தால் பெரும்பாலும் நகலெடுப்பு பாதியில் நின்றிருக்கும். யுஎஸ்பி-யை "வெளியேற்று" கொடுக்காமல் பிடுங்கினால் இதுதான் நடக்கும்.

மெனுவில் தலைப்பைத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டாம். கருவியின் சொந்த ஃபான்ட்டில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தில் தலைப்பை வைத்துவிட்டு, 144×80 பிக்சல் ஐகான் படத்தில் "ஆடுபுலி" என்று தமிழில் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் பார்ப்பது அதைத்தான்.

கார்டு விஷயம். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும், பிஎஸ்பி-க்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் ஜன்னலில் 32 ஜிபி-க்கு மேல் ஃபேட்32 வராது. லைனக்ஸ் வைத்திருப்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கிளஸ்டர் அளவு 32 கேபி, அதாவது ஒரு கிளஸ்டருக்கு 64 செக்டர் என்று கொடுத்து ஃபார்மேட் செய்யுங்கள். அதன் பிறகு கருவியின் சிஸ்டம் செட்டிங்ஸில் போய் மெமரி ஸ்டிக் ஃபார்மேட்டை ஒருமுறை கொடுத்தால் தேவையான ஃபோல்டர்களை அதுவே போட்டுக்கொள்ளும். இதற்கெல்லாம் முன்னால் கார்டு போலியா என்று எஃப்3 கருவியால் சோதித்துவிடுங்கள். 64 என்று அச்சடித்த 8 ஜிபி கார்டு சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. முதல் 8 ஜிபி ஒழுங்காக எழுதும், அதற்குமேல் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். உண்மையில் இந்த ஆட்டத்துக்கு 2 ஜிபி கார்டே மிச்சம்.

உங்கள் சொந்தக் கருவிக்கு ஆர்க்-4 என்ற கஸ்டம் ஃபர்ம்வேரைப் போடுங்கள். 6.60-லும் 6.61-லும் வேலை செய்யும். 6.61 என்பது 2015-ல் வந்த கடைசி ஃபர்ம்வேர், அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆர்க்-4 தொகுப்பில் ஆர்க்_01234 என்ற ஃபோல்டரை பிஎஸ்பி-க்குள் சேவ்டேட்டாவில் போடுங்கள், ஆர்க் லோடர் ஃபோல்டரை கேமுக்குள் போடுங்கள். மெனுவிலிருந்து லோடரை ஓட்டினால் திரை ஒரு நொடி இருண்டு மெனு திரும்ப வரும். இது நினைவகத்தில் மட்டும் இருப்பது. பவர் சுவிட்சை மேலே தட்டினால் கருவி உறங்கும், ஆர்க் அப்படியே இருக்கும். சுவிட்சைச் சில நொடி பிடித்து முழுக்க அணைத்தால் போய்விடும், மறுபடி லோடரை ஓட்ட வேண்டும். நிரல் எழுதிச் சோதிப்பதற்கு இதுவே போதும். நிரந்தரமாக்கும் கருவிகள் ஃபிளாஷில் எழுதும். அதற்கு அவசியம் இல்லாதபோது போகாதீர்கள்.

வெட்டாறு

மேலே சொன்னதோடு மூன்று சிறு விஷயம்.

கோப்பு திறக்கும்போது எம்எஸ்0 (மெமரி ஸ்டிக்) என்று தொடங்கும் முழுப் பாதையை நிரலில் எழுதாதீர்கள். பிஎஸ்பி கோ-வில் உள்நினைவகத்தின் பெயர் இஎஃப்0. யாராவது கோ வைத்திருந்தால் உங்கள் ஆட்டம் படம் கிடைக்காமல் நின்றுவிடும். ஈபூட் இருக்கும் ஃபோல்டரே நடப்பு ஃபோல்டர் என்பதால் வெறும் கோப்புப் பெயர் போதும்.

ஹோம் பட்டனுக்கு எக்ஸிட் கால்பேக் (ஆட்டத்தை மூடும் ஃபங்ஷன்) பதிவு செய்தீர்களா? தனி த்ரெட் ஒன்றில் கால்பேக்கை உருவாக்கிப் பதிந்துவிட்டு, அந்த த்ரெட்டை கால்பேக் கேட்கும் உறக்கத்தில் விட வேண்டும். பெயர் சிபி என்று முடியும் ஸ்லீப் ஃபங்ஷன்தான் வேண்டும். சாதாரண ஸ்லீப் போட்டால் கால்பேக் ஓடாது, ஹோம் அழுத்தி "ஆம்" கொடுத்த பிள்ளை காத்துக்கொண்டே இருக்கும்.

படம், ஒலி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றிக் கோப்பை மூடிவிடுங்கள். கோப்பு திறந்திருக்கும்போது கருவி உறங்கி எழுந்தால் அந்தத் திறப்பு செல்லாது. பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவில் சுவிட்சைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள், இது கட்டாயம் நடக்கும்.

குடமுருட்டி

தமிழ் எழுத்துக்கு வருகிறேன். இதைச் சரியாகச் செய்துவிட்டால் ஆடுபுலியோடு நிற்காது, பல்லாங்குழி, சொல் விளையாட்டு என்று அடுத்து எது எழுதினாலும் இதே வேலை கைகொடுக்கும்.

டீபக் ஸ்கிரீனில் இருப்பது 8×8 பிக்சல் எழுத்து, ஆங்கிலம் மட்டும். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். "கொ" என்பது க, ஒகரக் குறி என்று 6 பைட். அதை அந்த ஃபங்ஷன் ஆறு தனித்தனி எழுத்தாக எடுத்துக்கொள்கிறது, அதுதான் குப்பை. டிடிஎஃப்-ல் கொம்பு பின்னால் போவதற்குக் காரணம் வேறு. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, வரையும்போதுதான் முன்னால் வர வேண்டும். கம்ப்யூட்டரில் ஹார்ஃப்பஸ் போன்ற ஷேப்பிங் (எழுத்துகளை வரிசைப்படுத்தி வடிவமைக்கும்) லைப்ரரி அதைப் பார்த்துக்கொள்கிறது. பிஎஸ்பி-யில் நீங்கள் அழைத்த ஃபான்ட் லைப்ரரியில் அது இல்லை.

ஹார்ஃப்பஸையே பிஎஸ்பி-க்கு பில்டு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே ஒரு எழுத்துப் பலகைப் படமும் சிறிய வரிசைமாற்ற விதியும் போதும்.

கணக்கு பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி வைத்த மெய் 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 18 பெருக்கல் 4, ஆக 72. இந்த நான்கு வரிசைகளையும் முழு எழுத்தாகவே வரைந்து வைக்க வேண்டும். டி, டீ தனி வடிவம், கு, து, மு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. குறியை ஒட்டிச் சமாளிக்கப் பார்த்தால் அசிங்கமாக வரும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தின் பின்பகுதி என்று ஐந்து குறிகள் தனியாக. மொத்தம் 126. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வரிசைக்கு ஆறாறாக 30, ஸ்ரீ ஒன்று. ஆக 157.

பிஎஸ்பி-யில் டெக்ஸ்சர் (திரையில் ஒட்டி வரையும் படம்) அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், அதிகபட்சம் 512×512. அதை 32×32 கட்டங்களாகப் பிரித்தால் 256 கட்டம். 157 எழுத்தும் இலக்கங்களும் நிறுத்தற்குறிகளும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் போக இடம் மிஞ்சும். 4 பிட் வடிவில் வைத்தால் மொத்தம் 128 கேபி. 16 நிறத் தட்டில் எல்லாவற்றையும் வெள்ளையாக்கி ஆல்ஃபாவை மட்டும் 0-லிருந்து 255 வரை படிப்படியாக ஏற்றுங்கள். வெர்டெக்ஸ் நிறத்தை மாற்றினால் எழுத்து எந்த நிறத்திலும் வரும். 4 பிட்டில் ஒரு பைட்டுக்கு இரண்டு பிக்சல், இடப்பக்கப் பிக்சல் கீழ் 4 பிட்டில் இருக்கும். மாற்றிப் போட்டால் எழுத்தின் விளிம்பு ரம்பம் மாதிரி தெரியும்.

விராமிலும் (கிராஃபிக்ஸ் சிப்பின் சொந்த நினைவகம்) இடம் இருக்கிறது. மொத்தம் 2 எம்பி. 32 பிட் நிறத்தில் ஒரு திரைச் சட்டகம் 512×272×4, அதாவது 5,57,056 பைட். இரண்டு சட்டகம் போக 9,83,040 பைட் மீதி. இரு பரிமாண ஆட்டத்துக்கு டெப்த் பஃபர் தேவையில்லை. பலகையை அப்படியே விராமில் வைத்துவிடலாம்.

படத்தைத் தயாரிப்பது கம்ப்யூட்டரில். ஹார்ஃப்பஸோடு வரும் எச்பி-வியூ கருவிக்கு எழுத்தையும் ஃபான்ட் கோப்பையும் கொடுத்தால் படமாகத் தரும். ஒரு ஸ்கிரிப்ட் எழுதி 157-ஐயும் ஓட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் திறந்த உரிமத்தில் வருவதால் பகிர்வதில் சிக்கல் வராது. அளவு 22 பிக்சல் வையுங்கள். 18-க்குக் கீழே போனால் மூன்றுசுழி ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டுசுழி ன மாதிரித் தெரியும். படிக்கப் பழகும் பிள்ளைக்கு அது பெரிய தொந்தரவு. 22-ல் வைத்து வரிக்கு 32 பிக்சல் உயரம் விட்டால் திரையில் 8 வரி கிடைக்கும், ஆட்டத்துக்கு அது தாராளம். ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் தனி அட்டவணையில் வையுங்கள். ர-வும் ணூ-வும் ஒரே அகலம் எடுத்தால் வரி பல் போன வாய் போல இருக்கும். கட்டங்களுக்கு இடையில் ஒரு பிக்சலாவது காலியாக விட்டு, நியரஸ்ட் ஃபில்டர் போடுங்கள். லீனியர் போட்டால் பக்கத்துக் கட்டத்தின் மை கசியும்.

வரிசைமாற்ற விதி: மெய்யெழுத்தைப் படித்ததும் அடுத்த குறியைப் பாருங்கள். எகர, ஏகார, ஐகாரம் என்றால் கொம்பை முதலில் வரைந்து பிறகு மெய். ஒகர, ஓகாரம் என்றால் கொம்பு, மெய், துணைக்கால். ஔகாரம் என்றால் கொம்பு, மெய், பின்பகுதி. இகரம் முதல் ஊகாரம் வரையும் புள்ளியும் வந்தால் அட்டவணையிலிருந்து முழு எழுத்து. ஆகாரம் என்றால் மெய், துணைக்கால். க-புள்ளி-ஷ சேர்ந்து வந்தால் க்ஷ என்றும், ஸ-புள்ளி-ர-ஈ சேர்ந்து வந்தால் ஸ்ரீ என்றும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். இதில் ஸ்ரீ-க்கு ஶ-வில் தொடங்கும் இன்னொரு வரிசையும் யூனிகோடில் உண்டு, இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சில கீபோர்டுகள் ஒகரத்தைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவே தட்டும். உரைக் கோப்புகளை முன்பே என்எஃப்சி (யூனிகோடின் ஒருங்கிணைந்த) வடிவுக்கு மாற்றிவிட்டால் அவை ஒன்றாகிவிடும்.

திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கம் புழங்கிய காலத்தில் எழுத்துகளைத் திரையில் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள், ஷேப்பிங் என்ற பேச்சே அங்கே இல்லை. இந்த விதி, யூனிகோடு உரையை அந்தக் காட்சி வரிசைக்குத் திருப்பும் வேலைதான். அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அரசலாற்றங்கரை

கையொப்பமிட்ட ஈபூட் அசல் ஃபர்ம்வேரிலேயே ஓடுகிறது. கார்டும் சரியாகிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணே.

எழுத்துப் பலகையும் செய்தேன். எமுலேட்டரில் "ஆடு வெட்டுப்பட்டது" என்று அச்சு மாதிரி வருகிறது. கருவியில் எழுத்துகளின் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள், சில எழுத்து பாதி காணோம். சில நேரம் தானாகச் சரியாகிறது. இன்னொன்று: பலகையின் அகல அட்டவணையைக் கோப்பிலிருந்து படிக்கும் இடத்தில் கருவி அப்படியே உறைந்து அணைந்துவிடுகிறது. எமுலேட்டரில் இரண்டுமே இல்லை.

கொள்ளிடத்தான்

இரண்டும் வேறு வேறு நோய்.

கோடுகள் வருவது டேட்டா கேஷால் (சிபியு தற்காலிகமாகத் தரவு வைக்கும் சிறு நினைவகம்). பிஎஸ்பி-யின் சிபியு-வுக்கு 16 கேபி டேட்டா கேஷ், ஒரு வரி 64 பைட். நீங்கள் நினைவகத்தில் எழுதிய பலகையின் கடைசிப் பகுதி இன்னும் கேஷிலேயே தங்கியிருக்கும். கிராஃபிக்ஸ் சிப் கேஷைப் பார்க்காது, நேராக ராமைப் படிக்கும். அதனால் 64 பைட் நீளத் துண்டுகளாகப் பழைய குப்பை தெரிகிறது. 4 பிட் படத்தில் 64 பைட் என்றால் 128 பிக்சல் அகலக் கோடு, அதாவது பக்கத்துப் பக்கத்து நான்கு கட்டங்கள். உங்கள் கோடுகள் பலகையில் எந்தக் கட்டங்களில் விழுகின்றன என்று பார்த்தால் புரியும். வேறு தரவு கேஷில் ஏறும்போது பழையது ராமுக்கு இறங்கும், தானாகச் சரியாவது அதனால்தான். எமுலேட்டர் இந்தக் கேஷை நடித்துக் காட்டுவதில்லை.

மருந்து: பலகையை ஏற்றி முடித்ததும், நிறத் தட்டை நிரப்பியதும் டிகேஷ் ரைட்பேக் ஆல் ஃபங்ஷனை ஒருமுறை அழையுங்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் அழைக்க வேண்டாம், வீண் நேரம். வெர்டெக்ஸுக்கு ஜியூ-வின் (பிஎஸ்பி-யின் கிராஃபிக்ஸ் லைப்ரரி) கெட் மெமரி ஃபங்ஷன் தரும் இடத்தையே பயன்படுத்தினால் அங்கே இந்தப் பிரச்சினை எழாது. டெக்ஸ்சர், நிறத் தட்டு, டிஸ்ப்ளே லிஸ்ட் மூன்றும் 16-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும். மாலாக் அதற்கு உறுதி தராது, மெம்அலைன் பயன்படுத்துங்கள்.

உறைவதற்குக் காரணம் அலைன்மென்ட்டாகத்தான் இருக்கும். இந்த மிப்ஸ் சிபியு 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடாத முகவரியிலிருந்து படித்தால் எக்ஸெப்ஷன் எறியும். கோப்பில் ஒரு பைட் அகலமும் அதை ஒட்டி 4 பைட் குறியெண்ணும் நெருக்கமாக வைத்து, பாயின்ட்டரை மாற்றி நேரடியாகப் படிக்கிறீர்களா என்று பாருங்கள். மெம்காப்பியால் ஒரு மாறிக்குள் எடுத்துப் படித்தால் தீரும். அதைவிட நல்லது, ஒவ்வொரு பதிவையும் 8 பைட்டுக்கு நிரவிவிடுவது.

ஊகத்தில் விடாமல் இடத்தையே கண்டுபிடிக்க பிஎஸ்பிலிங்க் என்ற பிழைதேடும் நிரலைப் போடுங்கள். ஆர்க் ஏற்றிய உங்கள் கருவியில் அது ஓடும். கம்ப்யூட்டரில் யுஎஸ்பி ஹோஸ்ட்எஃப்எஸ் நிரலையும் பிஎஸ்பிஎஸ்எச் நிரலையும் ஓட்டினால், புது பில்டைக் கார்டில் நகலெடுக்காமலே கேபிள் வழியாக ஓட்டலாம். செயலிழக்கும்போது ரெஜிஸ்டர் மதிப்புகளைக் காட்டும். அதில் இபிசி என்ற முகவரியை எடுத்து பிஎஸ்பி-அட்ர்2லைன் கருவிக்குக் கொடுத்தால் எந்தக் கோப்பில் எந்த வரி என்று சொல்லிவிடும். கேபிள் மினி-பி வகை, அதிலும் தரவு போகும் கேபிள் வேண்டும். சார்ஜ் மட்டும் போகும் கேபிளை வைத்துக்கொண்டு டிரைவரைத் திட்டுபவர்கள் நிறைய.

கடிகார வேகத்தை 333 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்தால் இறக்கிவிடுங்கள். இயல்பான 222 போதும். 23 புள்ளி என்பதால் ஆடுகளின் நிலை முழுவதும் ஒரே 32 பிட் எண்ணுக்குள் அடங்கும், புலிக்கு இன்னொன்று. பக்கத்துப் புள்ளிகளையும் தாவும் புள்ளிகளையும் முன்பே அட்டவணையாக வைத்துவிட்டால், புலியின் அடுத்த சில நகர்த்தலைத் தேடுவது இந்தச் சிபியு-வுக்குச் சுமையே இல்லை. பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

உப்பளத்தார்

பேட்டரி என்றதும் ஒரு விஷயம். பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் கருவிகளை வாங்கிப் பார்க்கும்போது முதலில் பின்மூடியைக் கவனியுங்கள். மூடி உப்பி, அழுத்தினால் மெத்தென்றிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது. கழற்றித் தனியே வைத்து மின்கழிவுக்குக் கொடுங்கள். பேட்டரி இல்லாமலும் 5 வோல்ட் அடாப்டரில் கருவி ஓடும். ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட் பேட்டரி இல்லாமல் நகராது. பழைய ஃபர்ம்வேர் உள்ள கருவியென்றால் பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் 6.61-க்குப் போக முடியும். அப்டேட்டின்போது சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். கரண்டு போனாலும் பேட்டரி தாங்கும் அளவுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். பிஎஸ்பி கோ-வுக்கு அப்டேட் கோப்பு தனி, மற்றதற்கு உள்ளதைப் போடாதீர்கள்.

நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றிலும் ஐப்பசி கார்த்திகை ஈரத்திலும் கிடந்த கருவியில் மெமரி ஸ்டிக் பள்ளத்தின் தொடுமுனைகள் பச்சை பூத்திருக்கும். கார்டு சில நேரம் தெரிகிறது, சில நேரம் இல்லை என்றால் நிரலைச் சந்தேகிக்கும் முன் அங்கே பாருங்கள். 99 சதவீத ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்து, பேட்டரியைக் கழற்றிய பிறகு துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் கலந்த மலிவு ஸ்பிரிட் வேண்டாம், அது இன்னும் அரிக்கும்.

வெட்டாறு

வெளியிடும்போது ஈபூட்டை மட்டும் அனுப்பாதீர்கள். பிஎஸ்பி, அதற்குள் கேம், அதற்குள் ஆட்டத்தின் ஃபோல்டர், அதில் ஈபூட்டும் எழுத்துப் பலகையும் அகல அட்டவணையும் என்று முழு அடுக்கையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டுங்கள். கார்டின் மேல்மட்டத்தில் பிரித்தால் எல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஃபான்ட்டின் உரிமக் கோப்பையும் கூடவே வையுங்கள். அனுப்பும் முன் ஆர்க் இல்லாத நிலையில், அதாவது கருவியை முழுக்க அணைத்துத் திறந்த பிறகு, அந்த ஜிப்பிலிருந்தே எடுத்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஆர்க் ஓடும் கருவியில் கையொப்பமில்லாத பில்டும் ஓடிவிடும், பிள்ளைகளிடம் போன பிறகுதான் 80020148 தலைகாட்டும்.